சோறு கூடாது, ரொட்டி கொடுக்கலாம்: செலியாக் நோயின் கதையும் ஒரு அம்மா சொன்ன சேதியும்

1888ல் லண்டனில் ஒரு பெரிய டாக்டர் குழந்தைகளுக்கு எழுதிய பத்தியம் இது. சோறு கூடாது. ஜவ்வரிசி கூடாது. மக்காச்சோள மாவு கூடாது. ரொட்டி? மெல்லிசாக வெட்டி, இரண்டு பக்கமும் நன்றாகச் சுட்டுக் கொடுக்கலாம்.

எழுதியவர் சாமுவேல் கீ. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 1887 அக்டோபரில் அவர் ஆற்றிய உரை, அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தது. செலியாக் நோயை நவீன மருத்துவம் தெளிவாக விவரித்தது அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். ஆனால் இன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்தப் பத்தியம் அப்படியே தலைகீழ். சோறு அந்தக் குழந்தைகளை ஒன்றும் செய்திருக்காது. அவர்களைக் கெடுத்தது கோதுமை ரொட்டிதான்.

கீயைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நோய் குணமாக வழி உண்டு என்றால் அது சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னவரும் அவரே. திசை சரி, ஊர்தான் தப்பு. அந்த ஊரைக் கண்டுபிடிக்க இன்னும் அறுபது வருஷம் ஆனது. அந்த அறுபது வருஷக் கதையைப் படித்தபோது எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. டாக்டரிடம் நோயாளி, அல்லது நோயாளியின் அம்மா, எதைச் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், டாக்டர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதுதான் இந்தக் கதையைத் திருப்பியிருக்கிறது. இன்று இந்த நோயோடு வாழ்பவர்களுக்கும் அதுதான் பிரச்சினை.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. செலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கும். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, இன்னொருவருக்கு என்ன மாத்திரை போட்டாலும் ஏறாத ரத்தசோகை, மற்றொருவருக்கு எலும்புத் தேய்மானம், ஒரு குழந்தைக்கு வளர்த்தி இல்லாமை என்று ஆளுக்கு ஒரு முகம் காட்டும். கோதுமை ஒவ்வாமை என்பது வேறு, இது வேறு. இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விடுவது ஒன்றுதான் வைத்தியம்.

நம் ஊரில் பத்தியம் என்றால் மருந்து முடிகிறவரை. இந்தப் பத்தியத்துக்கு முடிவு கிடையாது. அதனால்தான் நோய் இருக்கிறதா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டியிருக்கிறது.

பெயர் பழசு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுவாக்கில் வாழ்ந்த கப்படோக்கியாவைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ், வயிறு என்று பொருள்படும் சொல்லிலிருந்து இந்த நோயாளிகளுக்குப் பெயர் வைத்தார். பெயர் வந்து ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் காரணம் தெரியாமலே இருந்தது.

மட்டி தின்ற குழந்தை

கீயின் கட்டுரையில் ஒரு குழந்தை வருகிறது. அதற்கு நெதர்லாந்திலிருந்து வந்த நல்ல மட்டியைத் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை நன்றாகத் தேறியது. மட்டி சீசன் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடுத்த சீசனில் அந்தக் குழந்தை மட்டியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டது. சோதனை அத்தோடு நின்றது.

இன்று நாம் ஊகிக்கலாம்: மட்டியால் வயிறு நிறைந்த குழந்தைக்கு ரொட்டி உள்ளே போயிருக்க வழியில்லை. பதில் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் தட்டில் என்ன சேர்த்தோம் என்று பார்த்தார்களே தவிர, எது தட்டிலிருந்து போனது என்று பார்க்கவில்லை.

வாழைப்பழ வைத்தியம்

இதே விஷயம் 1924ல் நியூயார்க்கில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. சிட்னி ஹாஸ் என்கிற குழந்தை மருத்துவர் பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். எட்டுப் பேருக்கு வாழைப்பழத்தை முதன்மையாக வைத்த பத்தியம். எட்டுப் பேரும் தேறினார்கள். அந்தப் பத்தியம் பெறாத இருவர் இறந்துபோனார்கள். பெற்றோர்கள் அவரைக் கும்பிடாத குறை. அடுத்த சில பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வாழைப்பழத்தால் பிழைத்தார்கள்.

அவருடைய பத்தியத்தில் ரொட்டிக்கும் மற்ற தானியங்களுக்கும் தடை இருந்தது. காப்பாற்றியது அந்தத் தடை. பேர் வாங்கியது வாழைப்பழம். இதில் வேடிக்கை என்னவென்றால், புவேர்ட்டோ ரிக்கோவில் ரொட்டி அதிகம் தின்கிற நகரத்து மக்களுக்கு இந்த மாதிரி நோய் வருகிறது, வாழைப்பழத்தில் வாழும் விவசாயிகளுக்கு வருவதில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே ஹாஸ் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு பாதி இருந்த வாக்கியத்தில் அவர் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்.

தப்பான விளக்கத்துக்கு விலை உண்டு. வாழைப்பழம் நோயைக் குணமாக்கிவிட்டது என்று ஹாஸ் நம்பினார். குணமான பிறகு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்றார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து, ரொட்டிக்குத் திரும்பி, நமக்கு நோய் போய்விட்டது என்ற நம்பிக்கையோடு உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். கோதுமைதான் காரணம் என்று நிரூபணமான பிறகும் ஹாஸ் தன் வாழைப்பழத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "நோயாளி சொன்னதைக் கேட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று இந்த வரலாற்றை எளிமையாக்கிவிட முடியாது. வாழைப்பழத்துக்கும் ஆயிரம் அம்மாக்கள் சாட்சி சொல்லியிருப்பார்கள். குழந்தை தேறியது உண்மை. ஏன் தேறியது என்பதில்தான் கோளாறு.

ஹேக் நகரத்து அம்மா

இனி நெதர்லாந்து. வில்லெம் காரெல் டிக்கே, 1905ல் பிறந்தவர். முப்பது வயதையொட்டி ஹேக் நகரத்து யூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்புக்கு வந்தவர்.

டிக்கேயின் கதையைப் பொதுவாக இப்படிச் சொல்வார்கள்: 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் கொடிய பஞ்சம். ரொட்டி இல்லை. ஜனங்கள் டூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஊரே மெலிந்தபோது செலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். நேச நாட்டு விமானங்கள் உணவு போட்டு ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். டிக்கே கண்டுபிடித்துவிட்டார்.

சினிமா மாதிரி நல்ல கதை. நடந்ததும் உண்மை. ஆனால் ஆரம்பம் அதுவல்ல. கோதுமை இல்லாத பத்தியத்தை டிக்கே 1930களின் நடுவிலேயே சோதிக்கத் தொடங்கிவிட்டார். 1941ல் டச்சு மருத்துவ இதழில் இந்த நோய்க்கான எளிய பத்தியத்தைப் பற்றி எழுதியும்விட்டார். பஞ்சம் அதற்கும் மூன்று வருஷம் கழித்து வந்தது. அவர் சந்தேகப்பட்டதை அது ஊர் அளவில் உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான்.

அவருக்குச் சந்தேகம் வரக் காரணங்களில் ஒன்று, ஒரு இளம் அம்மா அவரிடம் சொன்ன சேதி. ரொட்டியை நிறுத்தினால் என் குழந்தையின் தோலில் இருக்கும் தடிப்பு சீக்கிரம் அடங்குகிறது என்றார் அந்த அம்மா. நான் படித்த எதிலும் அவர் பெயர் இல்லை.

அவர் சொன்னதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "என் குழந்தைக்கு ரொட்டி ஒத்துக்கவில்லை" என்று பொதுவாகச் சொல்லவில்லை. இன்னதை நிறுத்தினேன், இன்னது மாறியது, இவ்வளவு சீக்கிரத்தில் மாறியது. சாஃப்ட்வேர் வேலையில் இதைத்தான் நல்ல பக் ரிப்போர்ட் என்போம். "ஆப் சரியில்லை" என்று வருகிற புகாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "இந்தப் பட்டனைத் தொட்டால் இது நடக்கிறது, தொடாவிட்டால் நடப்பதில்லை" என்று வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி டிக்கேயின் வேலை. "அது உங்க மனப்பிரமை அம்மா" என்று அனுப்பிவைக்கவும் இல்லை, கேட்டதும் அப்படியே நம்பிவிடவும் இல்லை. கோதுமையை நிறுத்தினார், எடையைக் குறித்தார். மறுபடி கொடுத்தார், எடையைக் குறித்தார். ஒரே குழந்தையை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். போருக்குப் பிறகு உயிர்வேதியியலாளர் வான் டி காமர், மலத்தில் வீணாகப் போகும் கொழுப்பை அளக்க எளிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். கோதுமை கொடுத்தால் கொழுப்பு ஒட்டாமல் வெளியேறுகிறது, நிறுத்தினால் குறைகிறது என்பதை எண்ணாகவே காட்ட முடிந்தது. 1950ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். 1952ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சார்லட் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும், கோதுமை மாவிலிருந்து ஸ்டார்ச்சைப் பிரித்தெடுத்துவிட்டு, தீங்கு செய்வது குளூட்டன் என்று காட்டினார்கள். கீ சந்தேகப்பட்ட ஸ்டார்ச்சுக்கு விடுதலை. சோற்றுக்கும்தான்!

காரணம் தெரிந்த பிறகும்

இதோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் காரணம் கண்டுபிடிப்பதும், இந்த ஆளுக்கு அந்த நோய்தான் என்று கண்டுபிடிப்பதும் வேறு வேறு வேலை. 1950களின் நடுவில் குழாய் விட்டுச் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி முறை வந்தது. 1997ல், இந்த நோயில் உடம்பு எந்த நொதியைக் குறிவைத்துத் தாக்குகிறது என்று ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். இன்றைய டிடிஜி ரத்தப் பரிசோதனை அதன் வழியாக வந்தது. கருவிகள் வந்தன. பழைய எண்ணம் மட்டும் போகவில்லை: இது குழந்தைகள் நோய், வெள்ளைக்காரர் நோய், அபூர்வ நோய்.

பிரிட்டனில் 1968ல் நோயாளிகளுக்கான செலியாக் சங்கம் உருவானது. அதைத் தொடங்கிய பீட்டர் பெனன்சன், 1961ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலைத் தொடங்கிய அதே பெனன்சன்தான். அவருக்கே செலியாக் நோய் இருந்தது. முன்பின் தெரியாத கைதிகளுக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுத வைத்தவர், தன் நோய்க்கும் ஒரு சங்கம் தேவை என்று நினைத்தார்.

சங்கங்களால் என்ன பயன்? ஒரு உதாரணம். அமெரிக்காவில் நோயாளிகளின் குழுக்கள், செய்திமடல், இணையம் வழியாக ஒரு கேள்விப் படிவம் போனது. 1,612 பேர் பதில் அனுப்பினார்கள். 2001ல் வெளியான முடிவு: அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரிவதற்குச் சராசரியாக 11 வருஷம். நோயாளிகள் ஒன்றுசேர்ந்து சொன்னபோதுதான் அது எண்ணாக வெளியே தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2003ல், 13,000 பேருக்கு மேல் பரிசோதித்த இன்னொரு ஆய்வு, அபூர்வம் என்று நினைத்த நோய் அமெரிக்காவின் பொது மக்களில் 133 பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகச் சொன்னது.

நம்ம பக்கம்

இந்தியாவில் இது வட இந்தியக் குழந்தைகளிடம் இருப்பது 1960களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. நம் பக்கம் டாக்டர்களின் நினைவில் இருந்தது வேறொரு நோய். 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்கிற குடல்நோய் கொள்ளைநோய் மாதிரிப் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அந்த ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றது. ஒருவர் நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு மெலிந்து வந்தால், ஸ்ப்ரூவா, குடல் காசநோயா என்று இங்கே யோசிப்பது இயல்பு.

2016ல் வெளியான ஒரு ஆய்வில் இந்தியா முழுவதுமாக 23,331 பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். செலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். அப்பாடா, நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த நோய் வருவதற்குத் தேவையான மரபணு வகை வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இன்றைக்கு நம் வீடுகளில் ராத்திரி சப்பாத்தி, வெளியே போனால் பரோட்டா, பசங்களுக்கு நூடுல்ஸ். சர்க்கரை நோய் என்றால் முதல் அறிவுரையே "சோத்தைக் குறைச்சு சப்பாத்தி சாப்பிடுங்க" என்பதுதான். 25 கிராம் எத்தனை நாளைக்கு 25 கிராமாக இருக்கும்? டாக்டர் அபூர்வம் என்று நினைக்கிற ஊரில், கேட்க வேண்டியவர் நோயாளிதான்.

டாக்டர் எதிரே உட்காரும்போது

நான் டாக்டர் இல்லை. வரலாற்றிலிருந்து எடுக்க முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அந்த ஹேக் அம்மா மாதிரி சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள், என்ன ஆனது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். "எனக்கு செலியாக் இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் "கூகுள்ல பார்த்தீங்களா?" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். "மூணு வருஷமா இரும்பு மாத்திரை போடறேன், ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. இது செலியாக்கா இருக்க வாய்ப்பிருக்கா? அதுக்கு ரத்தப் பரிசோதனை பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பிள்ளை யாருக்காவது இந்த நோய் இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இரண்டு, பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. கோதுமையை விட்டால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆற ஆரம்பிக்கும். பரிசோதனையில் நோய் இல்லை என்று வரும். பிரிட்டனின் வழிகாட்டுதல், பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது. இது நமக்கு இன்னும் முக்கியம். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று இருப்பவரின் முடிவை, எவ்வளவு கோதுமை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் படிக்க முடியாது. அதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மூன்று, பரிசோதனைச் சீட்டைப் படியுங்கள். வழக்கமான டிடிஜி பரிசோதனை ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளை அளக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ மிகக் குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் முடிவு சுத்தமாக வரும். "மொத்த ஐஜிஏவும் பார்த்தாச்சா டாக்டர்?" என்பது ஒரு வரிக் கேள்வி.

நான்கு, நோய் உறுதியான பிறகும் பேச வேண்டியிருக்கும். மருத்துவமனையில் சேர்ந்தால் காலையில் வருவது பிரெட், ரஸ்க், ஹார்லிக்ஸ். மூன்றிலும் கோதுமை உண்டு, ஹார்லிக்ஸில் பார்லியும் சேர்த்தி. கீ எழுதிக்கொடுத்த சுட்ட ரொட்டி நம் வார்டுகளில் இன்னும் நோயாளிச் சாப்பாடாக உயிரோடு இருக்கிறது. உள்ளே சேரும்போதே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நர்ஸிடமும் கேன்டீனிலும் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் எந்தத் தானியத்தில் எடுத்தது என்று மருந்துக்கடையில் கேளுங்கள். வீட்டில் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்; பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ரசம் சோறுதானே என்று நினைக்கிற இடத்தில்கூட அது உள்ளே வந்துவிடும். இந்தியச் சட்டப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. "கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் உறவினருக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

டிக்கே 1962ல், 57 வயதில் இறந்தார். அவரிடம் வந்த அம்மா எல்லா அம்மாக்களையும் போல, பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனித்துவைத்திருந்தார். கீயின் வார்டில் இருந்த அம்மாக்களிலும் ஒருவராவது, ரொட்டி கொடுக்கிற நாளில் குழந்தைக்கு அதிகமாகிறது என்று கவனித்திருக்கலாம். சொல்லியிருந்தால் எழுதிவைக்க ஆள் இல்லை. சொல்லத் தயங்கியிருந்தால் அதற்கும் நியாயம் இருக்கிறது, பெரிய டாக்டர் அல்லவா. நம் காலத்தில் எழுதிவைக்க நோட்டு இருக்கிறது, அளந்து பார்க்கப் பரிசோதனை இருக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.